தீர்ந்த கலமும் திரும்பும் உயிரும்
ஜொகூர்த் தமிழர் வாழ்வில் மின்கலம்: ஒரு வரலாற்று நோக்கு

வரலாறு என்றவுடன் முடியரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே நம் மாணவர்களின் நினைவில் எழுகின்றன. பாட நூல்கள் அவ்வாறு பழக்கிவிட்டன. ஆயினும் எளிய மக்களின் வாழ்க்கையைத் தடம் மாற்றியவை பெரும்பாலும் எளிய பொருள்களே. மண்ணெண்ணெய் விளக்குக்கு ஒரு வரலாறு உண்டு. மிதிவண்டிக்கும் தையற்பொறிக்கும் வரலாறு உண்டு. அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்க ஒரு பொருள், மோட்டார் சைக்கிளில் கண்ணுக்குப் படாமல் ஒடுங்கிக் கிடக்கும் மின்கலம். அதனை நாம் பேட்டரி என்று அழைத்துப் பழகிவிட்டோம்.

ஜொகூர் மாநிலத்தில் வைகறைப் பொழுதின் முதல் ஓசை மோட்டார் சைக்கிளின் ஓசையே. கூலாய், மாசாய், ஸ்கூடாய் முதலிய ஊர்களிலிருந்து புறப்பட்டு, 1924ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குப் பணிக்குச் செல்வோருள் நம் தமிழ் இளைஞர் பலர். பாசிர் கூடாங் தொழிற்பேட்டைக்கு விரைவோரும் உளர். அதிகாலையில் பொத்தானை அழுத்தும்போது வண்டி முனகி அடங்கிவிட்டால், அன்றைய கூலி போனதென்றே பொருள். அந்நேரத்தில் அவர் நாவில் எழும் சொல், 'பேட்டரி செத்துப் போச்சு' என்பதாகும்.

உண்மையில் அது செத்துத்தான் போயிற்றா? அன்றித் தீர்ந்து மட்டும் போயிற்றா? தீர்ந்தது வேறு; கெட்டது வேறு. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியும் அறிவு ஒரு காலத்தில் நம் தோட்டப்புறங்களில் பரவலாக இருந்தது. அவ்வறிவு எவ்வாறு வந்தது, எவ்வாறு தேய்ந்து வருகிறது, அதனால் நாம் இழப்பது யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. சொல்லும் பொருளும்

இத்தாலிய அறிஞர் அலெசாண்ட்ரோ வோல்டா, துத்தநாகத் தகட்டையும் வெள்ளித் தகட்டையும் மாறி மாறி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த அட்டையை வைத்து, இடையறாத மின்னோட்டத்தைப் பெற்றார். 1800ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகத்திற்கு இதனைக் கடிதவழி அறிவித்தார். பேட்டரி என்னும் சொல் பீரங்கி வரிசையைக் குறித்து வழங்கியது. அமெரிக்கப் பேரறிஞர் பெஞ்சமின் பிராங்ளின், மின்னேற்றம் பெற்ற கண்ணாடிக் கலங்களின் வரிசைக்கு அப்பெயரை 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இட்டார்.

தமிழில் இதற்கு அமைந்த சொற்கள் பொருளை இன்னும் தெளிவாகக் காட்டுகின்றன. தனித்த ஓர் அறை மின்கலம் எனப்படும். பல அறைகள் சேர்ந்தது மின்கல அடுக்கு. ஒருமுறை பயன்பட்டுத் தீர்ந்தபின் எறியப்படுவது முதன்மைக் கலம். மீண்டும் மின்னேற்றிப் பயன்படுத்தத் தக்கது சேமக்கலம். மோட்டார் சைக்கிளில் இருப்பது சேமக்கல அடுக்காகும். 'சேமம்' என்னும் சொல்லிலேயே சேர்த்துவைத்துப் பின்னர் எடுத்துக்கொள்ளும் கருத்து அடங்கியிருப்பதை மாணவர்க்கு உணர்த்தலாம்.

இன்னொரு சொல்லையும் இங்கே குறித்தல் தகும். நம் வழக்கில் ஈயம் என்பது இரண்டு மாழைகளைக் குறித்து மயங்குகிறது. பித்தளைப் பாத்திரத்திற்குப் பூசுவதும், பேராக் மாநிலத்தின் கிந்தாப் பள்ளத்தாக்கில் தோண்டப்பட்டதும் வெள்ளீயம். மின்கலத்தின் தகடு காரீயம். முன்னது உணவுக்கலத்துக்கு உகந்தது, பின்னது நஞ்சு. இவ்வேறுபாட்டை அறியாமை உயிருக்கே ஊறு செய்யும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

2. காரீயக்கலத்தின் பிறப்பு

தீர்ந்தபின் மீண்டும் நிரப்பக்கூடிய கலத்தை முதன்முதலில் ஆக்கியவர் பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளாண்டே. 1859ஆம் ஆண்டில் அவர் இரண்டு காரீயத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சுருட்டிக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தினார். இரு தகடுகளும் ஒன்றையொன்று தொட்டுவிடாதபடி அவற்றுக்கிடையே அவர் வைத்தது யாதெனில், ரப்பர்ப் பட்டைகள்! சேமக்கலத்தின் தொட்டிலிலேயே ரப்பர் இடம்பெற்றுவிட்டது என்பது, பால்மரக் காட்டில் வாழ்ந்த மக்களின் வழிவந்த நமக்குச் சிறப்பான செய்தியன்றோ?

பிளாண்டேயின் கலத்தைப் பயன்பாட்டுக்கு உரியதாக்க நெடுநாள் பிடித்தது. தகடுகளின் மேற்பரப்பு மாறுவதற்காக அதனைப் பலமுறை மின்னேற்றியும் இறக்கியும் பக்குவப்படுத்த வேண்டியிருந்தது. 1881ஆம் ஆண்டளவில் கமில் போர் என்னும் மற்றொரு பிரெஞ்சுக்காரர், காரீய ஆக்சைடைக் குழைத்துத் தகட்டின்மேல் பூசும் முறையைக் கண்டார். அவருடைய கலங்கள் அடங்கிய பெட்டியொன்று பாரிசிலிருந்து கிளாஸ்கோ நகருக்கு எடுத்துச் செல்லப்பட்டது. பின்னாளில் கெல்வின் பிரபு எனப் பெயர்பெற்ற வில்லியம் தாம்சன் அதனைச் சோதித்து வியந்தார். மின்சாரத்தைப் பெட்டியில் அடைத்து ஊர்விட்டு ஊர் கொண்டு செல்லலாம் என்பது அன்றைய உலகுக்குப் புதுமை.

ஆசியாவில் இக்கலையை விரைந்து கற்றவர் சப்பானியர். கியோத்தோ நகரைச் சேர்ந்த கென்சோ ஷிமாட்சு 1895ஆம் ஆண்டில் காரீயச் சேமக்கலத்தைச் செய்துகாட்டினார். ஜி.எஸ். என்னும் எழுத்துகள் பொறித்த மின்கலங்களை நம் ஊர் மோட்டார் சைக்கிள் கடைகளில் கண்டிருப்போம். அவ்வெழுத்துகள் அவர் பெயரின் முதலெழுத்துகளே.

3. பால்மரத்தின் பங்கு

கந்தக அமிலம் இரும்பை அரிக்கும், மரத்தைக் கருக்கும். கண்ணாடியை அரிக்காது, ஆனால் ஓடும் வண்டியில் கண்ணாடி உடையும். எனவே வண்டியில் செல்லும் மின்கலத்துக்குத் தக்க பெட்டி எது என்ற வினா எழுந்தது. அதற்கு விடையளித்தது ரப்பரே.

ரப்பர்ப் பாலிலிருந்து பெற்ற பொருளைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் உருகாமலும் குளிரில் விறைக்காமலும் நிலைக்கும் என்பதை அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர் 1839ஆம் ஆண்டில் கண்டறிந்தார். கந்தகத்தின் அளவை மிகுதியாக்கினால் ரப்பர் தன் இழுபடும் தன்மையை இழந்து, கருங்காலி மரம் போன்று கறுத்துக் கெட்டியாகும். இதற்கு எபொனைட் என்பது பெயர். அமிலம் இதனை அரிக்காது. மின்சாரம் இதனூடே பாயாது. மின்கலப் பெட்டிக்கு இதனினும் ஏற்ற பொருள் அந்நாளில் இல்லை.

இங்கே இரண்டு வரலாறுகள் ஒரே காலத்தில் வந்து சந்திப்பதைக் காணலாம். 1912ஆம் ஆண்டின் காடில்லாக் கார்களில், சார்ல்ஸ் கெட்டரிங் வகுத்த மின்விசைத் தொடக்கி முதன்முறையாகப் பொருத்தப்பட்டது. கைப்பிடியைச் சுழற்றி வண்டியைக் கிளப்பும் வழக்கம் அதன்பின் மெல்ல மறைந்தது. காரீய மின்கலம் காருக்கு இன்றியமையாத உறுப்பாயிற்று. அதே காலத்தில்தான், முதல் உலகப் போர் தொடங்கும் வேளையில், அமேசான் காட்டு ரப்பரைத் தோட்ட ரப்பர் உற்பத்தியில் விஞ்சியது. 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 நாற்றுகள், நாற்பதாண்டுகளுக்குள் உலகச் சந்தையையே மாற்றிவிட்டன.

ஜொகூரில் 1909ஆம் ஆண்டில் இருப்புப்பாதை நிறைவுற்றது. அதனையொட்டிச் சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் எனத் தோட்டங்கள் பெருகின. தமிழ் நிலத்திலிருந்து வந்த மக்கள் காட்டை அழித்தனர்; கன்று நட்டனர்; விடியுமுன் எழுந்து பெரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்துப் பால் வெட்டினர். இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் உலகின் இயற்கை ரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்தே சென்றது.

மின்கலப் பெட்டிகள் அனைத்தும் புது ரப்பரால் ஆனவையல்ல. பழைய ரப்பரை மீட்டெடுத்தும், நிலக்கரித் தூள் முதலியவற்றைக் கலந்தும் அவற்றைச் செய்தனர். எனவே ஒவ்வொரு பெட்டியிலும் ஜொகூர்ப் பால் இருந்தது எனச் சாதிப்பது வரலாறாகாது. ஆயினும் உலகின் டயர்களிலும் மின்கலப் பெட்டிகளிலும் நம் முன்னோரின் உழைப்பு கலந்திருந்தது என்பதில் ஐயமில்லை. 1960களின் பிற்பகுதியிலிருந்து நெகிழிப் பெட்டி எபொனைட்டின் இடத்தைப் பிடிக்கும் வரையில் இந்நிலை நீடித்தது. கொடுமை யாதெனில், தாம் ஈந்த பாலில் உருவான அப்பெட்டியை விலைகொடுத்து வாங்கும் வசதி அம்மக்களுக்கு நெடுங்காலம் இருக்கவில்லை.

4. லயங்களில் மின்கலம்

தோட்டப்புறத் தமிழர் மின்கலத்தை முதலில் அறிந்தது வண்டியின் வழியாக அன்று, வானொலியின் வழியாகவே. 1946ஆம் ஆண்டில் மலாயா வானொலி தொடங்கியது. தமிழ் ஒலிபரப்பும் அதில் இடம்பெற்றது. பின்னாளில் வானொலி ஆறு எனவும், 2005ஆம் ஆண்டு முதல் மின்னல் பண்பலை எனவும் பெயர் பெற்ற நிலையத்தின் வேர் அதுவே. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசர காலத்தில், அரசு தன் செய்திகளைப் பரப்பத் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொது வானொலிப் பெட்டிகளை அமைத்தது. மின்சாரம் எட்டாத இடங்களில் அவை மின்கலத்தால் இயங்கின.

அக்காலத்து வானொலி குமிழ்களால் ஆனது. குமிழைச் சூடாக்க ஒரு மின்கலமும், உயர் அழுத்தம் தர மற்றொன்றும் தேவைப்பட்டன. 1947ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவான டிரான்சிஸ்டர் இந்நிலையை மாற்றியது. 1960களில் சிறிய உலர்மின்கலங்களால் பாடும் கையடக்க வானொலி லயத்துக்கு லயம் பரவிற்று. பால் வெட்டி வந்து அலுத்துச் சாய்ந்தவரின் தலைமாட்டில் அது தமிழைப் பேசியது.

அடுத்து வந்தது தொலைக்காட்சி. 1963ஆம் ஆண்டு டிசம்பரில் நம் நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. ஆயின் மின்சாரம் பெறாத லயங்கள் அதன் பின்னும் பல. மத்திய மின்சார வாரியம் 1949ஆம் ஆண்டில் தோன்றியது. 1965இல் தேசிய மின்சார வாரியம் ஆனது. 1990இல் தெனாகா நேஷனல் ஆனது. பெயர் இரண்டு முறை மாறிய இக்காலம் முழுவதும், பல தோட்டங்களில் மாலையில் சில மணி நேரம் மட்டுமே ஓடும் மின்னாக்கப் பொறியே லயங்களின் கதியாக இருந்தது. சிலவற்றில் அதுவும் இல்லை. தோட்ட வீடுகளுக்குக் குழாய் நீரும் மின்சாரமும் வழங்குவதை முதலாளியின் கடமையாக வகுத்த தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்பு வசதித் தரச் சட்டம் 1990ஆம் ஆண்டில்தான் வந்தது.

அவ்விடைவெளியை நிரப்பியது கார் மின்கலம். கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டியைப் பன்னிரண்டு வோல்ட் கார் மின்கலத்தில் இணைத்துப் பார்த்த காட்சியை என் வயதினர் பலரும் நேரில் கண்டவர்களே. ஒரு வீட்டில் பெட்டி. வாசலில் பத்து வீட்டுப் பிள்ளைகள். படம் சுருங்கத் தொடங்கினால் மின்கலம் தீர்கிறது என்று பொருள். மறுநாள் அதனை மிதிவண்டியின் பின்னால் கட்டி, நகரத்துக் கடையில் மின்னேற்றக் கொடுத்துவிட்டு வருவர். அக்கடையில்தான் பலர் முதன்முறையாக மின்னேற்றும் பொறியைக் கண்டனர். அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் கண்ணாடிக் குழாயைக் கண்டனர். காய்ச்சி வடித்த நீருக்கும் கிணற்று நீருக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தனர். வேதியியலை நம் மக்கள் ஆய்வுக்கூடத்தில் கற்கவில்லை. தேவையின் வாயிலாகக் கற்றனர்.

5. காப்சாயின் வருகை

1958ஆம் ஆண்டு ஆகஸ்டில் சப்பானின் ஹோண்டா நிறுவனம் சூப்பர் கப் என்னும் சிறு வண்டியை வெளியிட்டது. ஒரு கையில் உணவுத் தட்டை ஏந்தும் கடைப்பையனும் மறு கையால் ஓட்டவேண்டும் என்னும் நோக்கில் அதன் விசைமாற்றி அமைக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டில் இவ்வகை வண்டிகளின் உற்பத்தி 10 கோடியை எட்டியது. இந்நாட்டில் ஹோண்டா மோட்டார் சைக்கிளைப் பரப்பியவர் பினாங்கு வணிகர் லோ பூன் சியூ. சீனத்திலிருந்து சிறுவனாக வந்து, பேருந்து கழுவி, இயந்திரம் பழுதுபார்க்கும் தொழில் கற்று உயர்ந்தவர் அவர். கப் என்னும் பெயருடன், சிறியது எனப் பொருள்படும் கண்டோனியச் சொல் சேர்ந்து காப்சாய் என்னும் நாட்டுவழக்கு பிறந்தது. ஒரு சப்பானிய வண்டிக்கு ஆங்கிலப் பெயரும் சீன விகுதியும் சேர, மலாய்க்காரரும் தமிழரும் அதனை ஏற்றுக்கொண்டது மலேசிய வாழ்வின் அழகிய சான்று.

தோட்டத்தமிழருக்கு இவ்வண்டி வெறும் ஊர்தியன்று. மண் பாதையில் மிதிவண்டியை மிதித்துப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சென்றவர்க்கு அது தூரத்தைச் சுருக்கியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் மக்கள் வெளியேறிய காலத்தில், தொழிற்சாலை வேலைக்கு அவர்களை ஏற்றிச் சென்றதும் அதுவே. தோட்டப் பள்ளிகளுக்குப் பணியேற்று வந்த ஆசிரியர் பலரையும் அது சுமந்தது.

பழைய காப்சாயில் ஆறு வோல்ட் மின்கலம் இருந்தது. மூன்று அறைகள், அறைக்கு ஏறத்தாழ இரண்டு வோல்ட். மின்கலம் தீர்ந்தாலும் அவ்வண்டி பெரும்பாலும் ஓடும். காலால் உதைத்துக் கிளப்பினால், பொறியோடு சுழலும் காந்தமே தீப்பொறிக்கு வேண்டிய மின்சாரத்தைத் தந்துவிடும். ஒலிப்பானும் சைகை விளக்கும் மட்டுமே ஊமையாகும். பின்னர்ப் பன்னிரண்டு வோல்ட் வந்தது. பொத்தானை அழுத்திக் கிளப்பும் வசதி வந்தது. எரிபொருளை மின்விசையால் பீய்ச்சும் முறையும் வந்தது. 1992ஆம் ஆண்டு முதல் பகலிலும் முகப்பு விளக்கை எரியவிட்டுச் செல்வது இந்நாட்டில் மோட்டார் சைக்கிளோட்டிகளின் கடமையாயிற்று. எதிரே வருவோர் கண்ணில் படாமையால் நேரும் விபத்துகள் இதனால் குறைந்தன என ஆய்வுகள் காட்டின. இங்ஙனம் வண்டியின் ஒவ்வொரு வளர்ச்சியும் மின்சாரத்தை நாடியே அமைந்தது. எரிபொருளை மின்விசையால் பீய்ச்சும் வண்டியில் மின்கலம் முற்றும் வற்றினால் உதைத்தும் பயனில்லாமற் போகலாம்.

6. தீர்வதும் கெடுவதும்

மின்கலத்தினுள் நேர்த்தகடு காரீய ஆக்சைடால் ஆனது, பழுப்பு நிறம். எதிர்த்தகடு நுண்துளை மிக்க காரீயம், சாம்பல் நிறம். மின்சாரம் வெளியேறும்போது இரு தகடுகளிலும் வெண்ணிறமான காரீய சல்பேட்டு படிகிறது. அமிலம் நீர்த்துப் போகிறது. மின்னேற்றும்போது இம்மாற்றம் தலைகீழாக நிகழ்ந்து, தகடுகள் பழைய நிலையை அடைகின்றன. தீர்தல் என்பது இவ்வளவே. அது இயல்பான நிகழ்ச்சி.

கெடுதல் என்பது வேறு. தீர்ந்த கலத்தை அப்படியே விட்டுவிட்டால், மென்மையாகப் படிந்த சல்பேட்டு நாளடைவில் பெரும்படிகங்களாக இறுகிவிடும். இறுகியது எளிதில் கரையாது. மின்கலங்களுள் பல உழைத்துச் சாவதில்லை; தீர்ந்த நிலையில் கவனிப்பாரற்றுக் கிடந்தே சாகின்றன. நம் நாட்டு வெப்பம் இதனை மேலும் விரைவாக்குகிறது. வண்டி நின்றிருந்தாலும் மின்னேற்றம் தானே கசிந்து குறையும். 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபின், வாரக்கணக்கில் வாசலில் நின்ற வண்டிகளின் உரிமையாளர் பலர் இவ்வுண்மையைப் பட்டறிந்தனர்.

பழைய திறந்த வகைக் கலத்துக்கு உயிரூட்டும் முறையை நம் கடைக்காரர்கள் நன்கறிந்திருந்தனர். முதலில் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுவர். பூட்டும்போது அதனைக் கடைசியில் பூட்டுவர். கையிலுள்ள திருகுச்சாவி தவறி வண்டிச் சட்டத்தில் பட்டாலும் தீப்பொறி எழாமைக்கு இதுவே வழி. மூடிகளைத் திறந்து, நீர்மட்டம் குறைந்த அறைகளில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றுவர். அமிலம் ஊற்றமாட்டார்கள், ஏனெனில் வற்றியது நீரேயன்றி அமிலமன்று. கிணற்று நீரும் குழாய் நீரும் ஆகா. அவற்றில் கரைந்துள்ள இரும்பும் குளோரினும் தகட்டைக் கெடுக்கும். பின்னர்க் கலத்தின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் மெதுவாக ஏற்றுவர். ஐந்து ஆம்பியர்-மணி கொண்ட கலமாயின் அரை ஆம்பியர். பத்து மணி நேரமோ சற்று மிகுதியோ ஆகும். விரைந்து முடிக்க எண்ணி மிகையான மின்னோட்டத்தைப் பாய்ச்சினால் தகடு சூடேறிப் பூச்சு உதிரும். மின்னேறும்போது ஹைட்ரஜன் வளி வெளிப்படும், அருகில் நெருப்பு கூடாது, காற்றோட்டம் வேண்டும். அமிலத்தின் முன் கண்ணுக்கும் கைக்கும் காப்பு வேண்டும்.

உயிர் திரும்பிற்றா என்பதை அளந்தே அறிவர். நிரம்பிய கலத்தின் அமில அடர்த்தி எண் 1.26க்கும் 1.28க்கும் இடையில் இருக்கும். வெப்ப நாடுகளில் தகட்டின் ஆயுளைக் கருதி 1.24 அளவில் வைப்பதும் உண்டு. எல்லா அறைகளும் ஒத்து உயர்ந்தால் கலம் பிழைத்தது. ஐந்து அறைகள் உயர்ந்து ஓர் அறை மட்டும் தாழ்ந்தே கிடந்தால் அது கெட்டது. வோல்ட் கணக்கிலும் இதனை அறியலாம். பன்னிரண்டு வோல்ட் கலத்தை நன்கு ஏற்றி, சில மணி நேரம் ஓய்வில் விட்டபின் 12.6 அளவில் நின்றால் நலம். பத்தரை அளவிலேயே நின்றுவிட்டால் ஆறில் ஓர் அறை இறந்தது என்பது பொருள். அதனை மாற்றுவதே முறை. கலம் நன்றாயிருந்தும் அடிக்கடி தீருமாயின், குற்றம் வண்டியின் மின்னேற்றும் உறுப்பிலோ கம்பியிலோ இருக்கலாம். அதனை ஆராயாமல் புதுக்கலம் வாங்குவது, ஓட்டைக் குடத்தை விட்டுவிட்டுக் கிணற்றை மாற்றுவதற்கு ஒப்பாகும்.

7. மூடிய பெட்டி

இன்று விற்பனையில் இருக்கும் கலங்களுள் பல மூடிய வகையின. அமிலத்தைக் கூழாக்கி அடைக்கும் முறையை 1950களின் இறுதியில் ஜெர்மனியின் சோனன்ஷைன் நிறுவனம் வகுத்தது. கண்ணாடி நாரில் அமிலத்தை ஊறவைக்கும் முறையை 1970களின் தொடக்கத்தில் ஆக்கியது அமெரிக்காவின் கேட்ஸ் ரப்பர் நிறுவனம். இங்கும் ஒரு ரப்பர் நிறுவனமே முன்னின்றது குறிப்பிடத்தக்கது.

தமிழகத்திலும் இதனை ஒத்த ஓர் உறவைக் காண்கிறோம். காரைக்குடியில் அமைந்துள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மின்கல ஆய்வுக்குப் பெயர்பெற்றது. 1948ஆம் ஆண்டில் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953ஆம் ஆண்டில் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அது எழுவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கியவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். அவருடைய தொழில்களுள் மலாயா ரப்பர்த் தோட்டங்களும் இருந்தன. பால்மரத்தின் வருவாய் தமிழ் மண்ணில் மின்கல அறிவியலுக்கு உதவியது எனக் கருத இடமுண்டு.

மூடிய கலம் கசியாது. நீர் ஊற்ற வேண்டுவதில்லை. இவை நன்மைகளே. ஆயினும் மூடப்பட்டது பெட்டி மட்டுமன்று, அறிவும் மூடப்பட்டது. திறந்து பார்க்க முடியாததைப் பற்றிக் கேள்வி எழுவதில்லை. தீர்ந்ததும் எறிந்துவிட்டுப் புதியது வாங்குவதே வழக்கமாகிவிட்டது. உண்மையில், தீர்ந்து நெடுநாள் ஆகாத மூடிய கலத்தையும் அதற்குரிய மின்னேற்றியால் மெதுவாக ஏற்றி மீட்கலாம். ஏற்றுமுன் வோல்ட்டை அளந்து பார்க்கும் பழக்கமே அருகிவிட்டது.

8. எறிந்த கலம் எங்கே செல்கிறது?

கெட்ட கலத்தை மாற்றத்தான் வேண்டும். மாற்றியபின் பழையதை என்ன செய்வது? உலகில் பயன்படும் காரீயத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் மின்கலங்களுக்கே செல்கிறது. பழைய கலத்தின் காரீயத்தை முறையான ஆலையில் உருக்கி மீண்டும் பயன்படுத்தலாம். முறையின்றி உடைத்து உருக்கினாலோ, அது உயிர் கொல்லும். மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில், டாக்கார் நகரை அடுத்த ஒரு குடியிருப்பில் பழைய மின்கலங்களை உடைத்துக் காரீயம் பிரித்த இடத்தில், 2007ஆம் ஆண்டின் இறுதிக்கும் 2008ஆம் ஆண்டின் தொடக்கத்துக்கும் இடையே 18 குழந்தைகள் மாண்டனர். மண்ணில் விளையாடிய கைகளே நஞ்சை வாய்க்குக் கொண்டு சென்றன. காரீயம் வளரும் குழந்தையின் மூளையைத் தாக்கும். கற்கும் திறனைக் குறைக்கும். ஆசிரியராகிய நமக்கு இதனினும் அஞ்சத்தக்க செய்தி வேறில்லை.

மலேசியச் சட்டம் இதனை உணர்ந்தே, 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிகளில் காரீய மின்கலக் கழிவைத் தனி எண்ணிட்டுச் சேர்த்துள்ளது. எனவே பழைய கலத்தைக் குப்பையில் எறிவதும், அமிலத்தை வடிகாலில் கொட்டுவதும், தூண்டிற்குண்டுக்காக வீட்டு அடுப்பில் காரீயம் உருக்குவதும் அறவே விலக்கத்தக்கன. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுப்பதே நேரிய வழி. பல கடைகள் அதற்கு ஒரு சிறு தொகையும் கழித்துத் தரும்.

கழிவைக் கருதாமல் எறிவதன் விளைவை ஜொகூர் மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு மார்ச்சில் பாசிர் கூடாங் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. அது மின்கலக் கழிவு அன்று; வேறு தொழிலின் கழிவு. ஆயினும் ஆயிரக்கணக்கானோர் மருத்துவ உதவி நாடினர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஒரு சிலரின் பொறுப்பின்மை எத்தனை வகுப்பறைகளைப் பூட்டியது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

9. முடிவுரை

மின்கலத்தின் வரலாற்றில் ஐரோப்பியர் பெயர்களும் சப்பானியர் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. பால் வெட்டியவர் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை. எனினும் அவர் கைப்பட்ட பொருள் அவ்வரலாற்றில் உண்டு. இருண்ட லயத்தில் அக்கலத்தைப் பேணிக்காத்த அறிவும் உண்டு. இவற்றை மாணவர்க்கு எடுத்துரைக்க வேண்டியவர் தமிழாசிரியரே. அறிவியல் வேறு, தமிழ் வேறு என ஒதுங்கி நிற்பின், சேமக்கலம், காரீயம், மின்னேற்றம் முதலிய சொற்கள் அகராதியிலேயே உறங்கிவிடும்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. பயன்பட்ட மூடிய கலம் ஒன்றும், வோல்ட்டளவி ஒன்றும் வகுப்பறைக்கு வரட்டும். மாணவர் அளந்து, தமிழில் எழுதி, காரணம் கூறட்டும். தம் தாத்தா பாட்டியிடம் சென்று, மின்சாரம் இல்லாத நாள்களில் லயத்தில் வானொலி எவ்வாறு பாடியது என்று கேட்டு வரட்டும். கேட்பதற்கு அம்முதியோர் இருக்கும்போதே கேட்டாக வேண்டும். தீர்ந்த நிலையில் நெடுநாள் விடப்பட்ட கலத்தில் படிகம் இறுகிவிடுவது போல, கேட்பாரற்ற நினைவும் இறுகிவிடும். இன்று அது தீர்ந்த நிலையில்தான் உள்ளது, இன்னும் கெட்டுவிடவில்லை.